கூகுளில் டாலர் 85 ரூபாய், கணக்கில் ஏறுவது குறைவு: இடையில் எங்கே கழிகிறது?

கேள்வி

அமெரிக்காவிலிருந்து வேலைக்கான கட்டணமாக 1,000 டாலர் அனுப்பினார்கள். பணம் மாற்றிய நேரத்தில் கூகுளில் ஒரு டாலர் 85.00 ரூபாய். கணக்கில் ஏறியது ரூ. 82,473.07. வங்கியின் ரசீதில் 985 டாலர், ரேட் 84.00, கமிஷன் ஜிஎஸ்டியோடு ரூ. 118 என்று இருக்கிறது. குறைந்த ரூ. 2,526.93 எப்படிப் போனது? எதைக் குறைக்கலாம்?

பதில் 1

85.00 என்பது வங்கிகள் தங்களுக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ளது. அந்த விலையில் வாடிக்கையாளருக்கு மாற்றித் தர மாட்டார்கள். உங்களுக்குப் பொருந்துவது 'டிடி பையிங்' (TT buying) ரேட், அதாவது வங்கி வழியாக வரும் டாலரை வங்கி வாங்கும் விலை. இங்கே டாலரை வாங்குவது வங்கி, விற்பது நீங்கள். வங்கியின் ரேட் பட்டியலில் 'கரன்சி பையிங்' என்றும் இருக்கும். அது நோட்டாகக் கொடுப்பவர்களுக்கு, இன்னும் குறைவு.

பெரிய இழப்பு ரேட்டில் இல்லை. அனுப்பியவரின் வங்கிக்கும் உங்கள் வங்கிக்கும் நடுவில் பணத்தைக் கைமாற்றிய ஒரு இடைவங்கி 15 டாலர் எடுத்திருக்கிறது: ரூ. 1,275. ரேட் வித்தியாசம் 985 டாலருக்கு ஒவ்வொரு ரூபாய்: ரூ. 985. கமிஷன் 118. மிச்சம் 148.93, நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டி. ஒரு லட்சம் வரை, மாற்றும் தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக வைத்து (குறைந்தது ரூ. 250) அதற்கு 18% வரி. 985 × 84 = 82,740; அதில் 1% 827.40; அதற்கு வரி 148.93. கூட்டினால் பைசா பிசகாது.

பதில் 2

இடைவங்கி பிடித்தம் பெரும்பாலும் தொகையைப் பார்ப்பதில்லை, தடவைக்கு இவ்வளவு என்று போகும். அதனால் இரண்டு பில்லைச் சேர்த்து 2,000 டாலராக ஒரே தடவையில் வாங்குங்கள். 15 டாலர் அப்படியே மிஞ்சும். ஒரு லட்சத்துக்கு மேல் வரியும் இளகுகிறது: முதல் லட்சத்துக்கு ரூ. 1,000, மேற்கொண்டு 10 லட்சம் வரை 0.5% மட்டுமே மதிப்பாக எடுக்கிறார்கள். 1,985 டாலர் வந்தால் வரி ரூ. 240.07, இரண்டாகப் பிரித்து வாங்கினால் 297.86.

வங்கிகள் வெளிநாட்டுப் பணத்துக்கு அனுப்பும் ஸ்விஃப்ட் செய்தியில் எல்லாச் செலவும் அனுப்புபவருக்கே என்று குறிக்கச் சொல்லலாம். அப்படியும் சில இடைவங்கிகள் பிடிப்பதுண்டு, முழுக்க நம்ப வேண்டாம்.

பதில் 3

ரேட்டைப் பேசலாம், ஆனால் பணம் மாறுவதற்கு முன்பே பேச வேண்டும். வங்கி காலையில் வெளியிடும் ரேட் பட்டியல் ('கார்டு ரேட்') சிறிய தொகைகளுக்கானது. தொகை பெரிதானால் கிளையின் வழியாக ட்ரெஷரியில் (வங்கியில் டாலர் வாங்கி விற்கும் பிரிவு) கேட்கச் சொல்லுங்கள். "இன்றைய ரேட் என்ன" என்று கேட்காமல், "மார்க்கெட் ரேட்டுக்கு எத்தனை பைசா கீழே தருவீர்கள்" என்று கேளுங்கள்.

'கட்டணம் இல்லை' என்று விளம்பரம் செய்பவர்கள் ரேட்டிலேயே எடுத்துவிடுவார்கள். ஒப்பிட ஒரே கணக்கு: கைக்கு வந்த ரூபாயை அனுப்பிய டாலரால் வகுங்கள். உங்களுக்கு டாலருக்கு ரூ. 82.47. சனி, ஞாயிறில் ஒப்பிடாதீர்கள். வங்கிகளுக்கிடையேயான சந்தை மூடியிருக்கும், திரையில் தெரிவது வெள்ளிக்கிழமை விலை.