‘காரத் திருத்தம்’, ‘படியெழுது திருத்தம்’: மரபணுத் திருத்தச் சொற்கள் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மரபணுவில் குறித்த இடத்தில் குறித்த மாற்றத்தைச் செய்யும் தொழில்நுட்பத்தை ‘மரபணுத் தொகுப்பு’ என்றும், அதன் புதிய வகைகளான பேஸ் எடிட்டிங், பிரைம் எடிட்டிங் ஆகிய இரண்டையும் முறையே ‘அடிப்படைத் தொகுப்பு’, ‘முதன்மைத் தொகுப்பு’ என்றும் வழங்கலாம் என ஐயா அவர்கள் சென்ற மடலில் முன்மொழிந்திருந்தார்கள். மூன்றையும் ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தரும் பொருளை விட்டுவிட்டு, உயிரணுவுக்குள் அந்த மூலக்கூறு செய்யும் வேலையைப் பார்த்துப் பெயரிட்டால் இன்னும் பொருத்தமான சொற்கள் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

‘தொகுப்பு’ திரைத்துறையிலிருந்து வந்த வழக்கு. தனித்தனியாக எடுக்கப்பட்ட காட்சித் துண்டுகளை வெட்டிக் கோப்பது அங்கு நடக்கும் வேலை என்பதால் ‘படத்தொகுப்பு’ அதற்குச் சரியான பெயர். மரபணுவில் அப்படி எதையும் கோப்பதில்லை. ஏற்கெனவே கோத்துக் கிடக்கும் நெடிய வரிசையில் ஓரிடம் மட்டும் மாற்றப்படுகிறது. போதாக்குறைக்கு, ஓர் உயிரியின் முழு மரபுத் தகவலையும் குறிக்க ‘மரபணுத் தொகுப்பு’ என்றே பலர் எழுதி வருகிறார்கள். ஜீனோம் எடிட்டிங் என்பதைத் தமிழில் எழுத நேர்ந்தால் ‘மரபணுத் தொகுப்புத் தொகுப்பு’ என்றாகிவிடும். அதைப் படிப்பவர் அச்சுப் பிழை என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே பலர் ஏற்கெனவே கையாளும் ‘மரபணுத் திருத்தம்’ என்பதையே பொதுச் சொல்லாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதற்கும் ஒரு மறுப்பு எழுந்துள்ளது. ‘திருத்தம்’ என்றால் முன்பு பிழை இருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்ற தீர்ப்பு சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது என்றும், அறிவியல் சொல் அப்படிச் சான்றிதழ் வழங்கக் கூடாது என்றும் தோழி ஒருவர் எழுதியிருந்தார். எளிதில் தள்ளிவிடக்கூடிய மறுப்பு அன்று இது.

வழிகாட்டி ஆர்.என்.ஏ. காட்டும் இடத்தில் காஸ்9 போன்ற நொதியைச் செயற்பட வைக்கும் கிரிஸ்பர் முறையில் முதன்முதலாக ஒப்புதல் பெற்ற மருந்தான காஸ்ஜெவியையே எடுத்துக்கொள்வோம். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் கதிர் அரிவாள் இரத்த சோகைக்கு அதனை ஏற்றன. அந்நோயின் காரணம் பீட்டா குளோபின் மரபணுவில் உள்ள ஒரே ஓர் எழுத்துப் பிழை. காஸ்ஜெவியோ அந்தப் பிழையைத் தொடுவதே இல்லை. நோயாளியின் இரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, பி.சி.எல்.11ஏ என்னும் வேறொரு மரபணுவை இயக்கும் பகுதியில் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் காஸ்9 நொதியைக் கொண்டு வெட்டுகிறார்கள். உயிரணு அந்த வெட்டைத் தானே ஒட்டிக்கொள்ளும்போது சில எழுத்துகள் விடுபட்டோ கூடியோ அப்பகுதி செயலிழக்கிறது. கருவில் இருக்கும்போது சுரந்து, பிறந்தபின் அடக்கி வைக்கப்படும் ஒருவகை ஹீமோகுளோபின் பி.சி.எல்.11ஏ செய்யும் அந்த அடக்குமுறை தளர்ந்ததும் மீண்டும் உற்பத்தியாகி நோயின் கடுமையைத் தணிக்கிறது. அதாவது, பிழை இருந்த இடம் அப்படியே இருக்க, பிழையில்லாத ஓரிடம் வேண்டுமென்றே கெடுக்கப்படுகிறது. இதைத் ‘திருத்தம்’ என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வி நியாயமானது. 2018இல் சீன ஆய்வாளர் ஹே ஜியான்குய் நலமான கருக்களில், எச்.ஐ.வி. உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 மரபணுவைக் குலைத்து இரட்டைக் குழந்தைகள் பிறக்கக் காரணமானார். அடுத்த ஆண்டு அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அச்செயலையும் ‘திருத்தம்’ என்று எழுதினால் கூடவே ஒரு பாராட்டும் ஒட்டிக்கொள்கிறதே என்ற உறுத்தல் எனக்கும் உண்டு.

இருந்தும் நான் ‘திருத்தம்’ பக்கமே நிற்கிறேன். தமிழில் அச்சொல் பிழை நீக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. நிலத்தைத் திருத்துகிறோம் என்றால் நிலம் தவறு செய்தது என்று பொருளில்லை. ஒரு பயன்பாட்டுக்கு ஏற்றதாக்குகிறோம் என்பதே பொருள். இதைவிடப் பொருத்தமானது சட்டத் திருத்தம். அதில் ஒரு சொல்லைச் சேர்க்கலாம், நீக்கலாம், ஒன்றை எடுத்து மற்றொன்றை வைக்கலாம், ஒரு பிரிவையே செயலற்றதாக்கலாம். மரபணுவில் நடப்பவையும் இவையே. சட்டத் திருத்தம் என்று சொன்னவுடன் அது நல்ல திருத்தம் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. எதிர்த்து வாக்களிப்பதும் உண்டு. தோழி கேட்கும் நடுநிலை அந்த வழக்கில் இருக்கிறது. தனியாக ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்வதைக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘மரபணு முடக்கம்’ என்று எழுதிவிட்டால் குழப்பம் இன்னும் குறையும்.

‘மரபணு மாற்றம்’ என்பதையே இதற்கும் நீட்டிக்கலாமே என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. வேற்று உயிரியின் மரபணுவைப் புகுத்திய பயிர்களுக்கு அச்சொல் நிலைத்துவிட்டது. அயல் மரபணு இல்லாத, திருத்தம் மட்டுமே செய்யப்பட்ட பயிர்களுக்கு இந்தியா 2022இல் சில விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. இங்கிலாந்து 2023இல் தனிச் சட்டமே இயற்றியது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தச் சட்ட வேறுபாட்டைத் தமிழில் எழுத இயலாது.

இனி பேஸ் எடிட்டிங். இங்கே பேஸ் என்பது அடித்தளம் அன்று. அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் என்ற நான்கு நைட்ரஜன் காரங்களைக் குறிக்கும் வேதியியல் சொல். ஆகவே ‘அடிப்படை’ வேரிலேயே பிழை. அமெரிக்க வேதியியலாளர் டேவிட் லியுவின் ஆய்வுக்குழு 2016இல் வெளியிட்ட முறையில், இரண்டு இழைகளையும் வெட்ட முடியாதபடி மாற்றப்பட்ட காஸ்9 நொதியோடு, அமினோ தொகுதியை நீக்கும் மற்றொரு நொதி இணைக்கப்பட்டிருந்தது. அது சைட்டோசினை யுராசிலாக மாற்ற, உயிரணு அதைத் தைமினாகவே படித்துக்கொள்கிறது. 2017இல் அடினைனுக்கான நொதியும் வந்தது. டி.என்.ஏ.வில் உள்ள அடினைன்மீது இவ்வாறு செயற்படும் நொதி எதுவும் இயற்கையில் அறியப்படாததால், பாக்டீரியாவின் ஒரு நொதியை ஆய்வகத்தில் படிப்படியாகப் பரிணமிக்கச் செய்து அதைப் பெற்றார்கள். ஆக, இங்கே நடப்பது ஒரு காரம் வேதிவினையால் மற்றொரு காரமாவதுதான். ‘காரத் திருத்தம்’ என்ற சொல் அதை நேராகச் சொல்கிறது.

இதற்கு வந்துள்ள மாற்றுகளில் ‘எழுத்துத் திருத்தம்’ கேட்க இனிமையாக இருந்தாலும், சந்திப் பிழை பார்க்கும் மென்பொருளைத்தான் நினைவூட்டும். ‘ஒற்றைக் காரத் திருத்தம்’ என்பது துல்லியம்போல் தோன்றி ஏமாற்றுவது. இந்நொதிக் கூட்டு ஏறத்தாழ ஐந்து எழுத்து அகலமுள்ள ஓர் இடைவெளிக்குள் செயற்படுகிறது. அந்த இடைவெளியில் அதே காரம் வேறோர் இடத்திலும் இருந்தால் அதுவும் மாறக்கூடும். இந்தப் பக்கத்து மாற்றத்தைக் குறைப்பதே இத்துறையின் பெரிய கவலைகளுள் ஒன்றாக இருக்கும்போது, பெயரில் ‘ஒற்றை’ என்று உறுதியளிப்பது முறையாகாது. வேதியியலில் காரத்தை ‘மூலம்’ என்று வழங்கும் இலங்கை நண்பர்கள் ‘மூலத் திருத்தம்’ என்பார்களானால் அவர்கள் மரபில் அது பிழையன்று. ஆனால் பாடபேதம் பார்ப்பவர்கள் சுவடியைத் திருத்துவதாகவும், மருத்துவர்கள் அறுவை சிகிச்சையாகவும் எடுத்துக்கொள்ளும் ஆபத்து அதில் இருக்கிறது.

பிரைம் எடிட்டிங்கில்தான் சிக்கல் கூடுதல். 2019இல் அதே ஆய்வுக்குழு வெளியிட்ட இம்முறையில் வழிகாட்டி ஆர்.என்.ஏ. இரண்டு செய்திகளைச் சுமந்து செல்கிறது: எங்கே போக வேண்டும் என்ற முகவரி ஒன்று, அங்கே என்ன எழுத வேண்டும் என்ற வாசகம் மற்றொன்று. காஸ்9 ஓர் இழையை மட்டும் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட முனை அந்த ஆர்.என்.ஏ.வின் ஒரு பகுதியோடு பொருந்தி நின்று, புதிய டி.என்.ஏ. வளரத் தொடங்கும் முனையாகிறது. உடன் இணைக்கப்பட்ட பின்னோக்குப் படியெடுப்பு நொதி அந்த வாசகத்தைப் பார்த்து டி.என்.ஏ.வில் எழுதிச் செல்கிறது. பிரைம் என்பது இங்கே அந்தத் தொடக்க முனையோடு உறவுடைய சொல்லே தவிர, தலைமை, சிறப்பு என்ற பொருளில் அன்று. ‘முதன்மைத் திருத்தம்’ என்று எழுதினால் மற்றவை இரண்டாந்தரம் என்று வாசகர் எண்ணுவார். அந்தக் கருத்தை விரும்பும் நிறுவனங்கள் இருக்கலாம், நாம் அதற்குத் துணைபோக வேண்டியதில்லை.

நான் முதலில் ‘வார்ப்புருத் திருத்தம்’ என்று எண்ணிப் பார்த்தேன். ஆனால் இரண்டு இழைகளையும் வெட்டிவிட்டு வெளியிலிருந்து ஒரு டி.என்.ஏ. துண்டை மாதிரியாகக் கொடுக்கும் பழைய முறையிலும் வார்ப்புரு உண்டு. இம்முறைக்கே உரிய செயல், உடன் கொண்டுவந்த வாசகத்தைப் பார்த்து அந்த இடத்திலேயே எழுதுவதுதான். ஏட்டைப் பார்த்து எழுதுவதைப் படியெழுதுதல் என்று நம்மவர் சொல்லி வந்தார்கள், பாடநூல்களும் டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதைப் படியெடுத்தல் என்கின்றன. எனவே ‘படியெழுது திருத்தம்’ என்பதை முன்வைக்கிறேன். ‘படியெடுப்பு’ என்ற வடிவத்தைத் தவிர்த்ததால் அதனோடு மோதவில்லை. நொதியின் பெயரோடு உள்ள உறவும் தெரிகிறது. வினைத்தொகை என்பதால் இடையில் ஒற்று மிகாது என்பதையும், யாராவது ‘படியெழுதுத் திருத்தம்’ என்று திருத்திவிடும் முன் சொல்லி வைக்கிறேன்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று ஒருவர் கேட்டிருந்தார். தொழில்துறையே இந்த முறைகளின் வழியாகப் பிரிந்து நிற்பதால் தேவை. பீம் தெரபியூட்டிக்ஸ் காரத் திருத்தத்தையும், பிரைம் மெடிசின் படியெழுது திருத்தத்தையும் நம்பி நிறுவப்பட்டவை. இன்டெல்லியாவின் முதன்மையான மருந்துகள் காஸ்9 வெட்டை நம்புபவை. 2025இல் அமோனியா இரத்தத்தில் தேங்கும் அரிய கல்லீரல் நொதிக் குறைபாட்டுடன் பிறந்த ஒரு குழந்தைக்காகவே பிலடெல்பியாவில் தனியாக மருந்து உருவாக்கி, கொழுப்பு நுண்துகள்களில் பொதிந்து உடலுக்குள் செலுத்தினார்கள்; அது காரத் திருத்தம். அதே ஆண்டில் படியெழுது திருத்தமும் முதன்முறையாக ஒரு நோயாளிக்கு அளிக்கப்பட்ட செய்தி வந்தது. எல்லாவற்றையும் ‘மரபணுத் தொகுப்பு’ என்று எழுதினால், எந்த மருந்து டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் முறிக்கிறது, எது முறிக்காமல் மாற்றுகிறது என்ற, பாதுகாப்பைப் பொறுத்து மிக முக்கியமான வேறுபாடு தமிழ் வாசகருக்குத் தெரியாமலே போகும்.

இதோடு தொடர்புடைய இன்னொரு சொல்லையும் பரிசீலிக்க வேண்டுகிறேன். குறித்த இடத்தை விட்டு வேறிடத்தில் மாற்றம் நிகழ்வதை ‘தவறான வெட்டு’ என்று சிலர் எழுதுகிறார்கள். காரத் திருத்தத்தில் இரண்டு இழைகளும் வெட்டப்படுவதில்லை. இருந்தும் வேறிடத்துக் காரங்கள் மாறக்கூடும். அதனால் மூன்று முறைகளுக்கும் பொதுவாக ‘இலக்குப் பிறழ்வு’ என்றும், இலக்கை ஒட்டியே நிகழும் முன்சொன்ன மாற்றத்திற்குப் ‘பக்கக்கார மாற்றம்’ என்றும் வைத்துக்கொள்ளலாமா? இரண்டாவது சொல்லைப் பேச்சில் கேட்பவர் ‘பக்கத்து வீட்டுக்காரர்’ என்று மயங்க இடமிருப்பதால், இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அதற்கு என் வாக்கு உண்டு.

அன்புடன்.