சிலோன்காரர்களுக்குக் கொடுத்த கம்பளி

சேரம்பாடி மகள்:
குன்னூர்ப் பெரியவர் நேற்று நம் குழுவில் எழுதியதைப் படித்துவிட்டு இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை. வயநாட்டு நிலச்சரிவுக்கு நிவாரணம் சேர்க்கிறார்களாம், இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த எங்களைப் போன்ற சிலோன்காரர்கள் இருக்கும் லைன்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வசூல் மோசமாம். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். "எழுபதுகளில் கட்டிய துணியோடு வந்து இறங்கியவர்களுக்கு ஆளுக்கொரு கம்பளி இலவசமாகக் கொடுத்து வாழவைத்த மலை இது, அந்த நன்றி வேண்டாமா" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். ஐயா, எந்தக் கம்பளி? என் அப்பா 1974ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் குடும்ப அட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்துவிட்டு இந்த நீலகிரி மலைக்கு வந்தவர். அவர் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கம்பளி கொடுத்தார்கள், உண்மைதான். மாதம் ஆறு ரூபாய் வீதம் மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தும் கொண்டார்கள். பிடித்தம் போட்டுக் கொடுத்தால் அது தர்மமா, கடை வியாபாரமா?

வசூல் குறைவு என்கிறீர்களே, 2024 ஜூலை 30 காலையில் செய்தி வந்ததும் எங்கள் லைன் பையன்கள் எட்டுப் பேர் சோலாடி எல்லை தாண்டி வயநாட்டு மேப்பாடிக்குப் போய்விட்டார்கள். நிலச்சரிவில் அழிந்த சூரல்மலையிலும் முண்டக்கையிலும் இருந்தவர்கள் எங்களைப் போலக் கொழுந்து பறிக்கிறவர்கள்தான். மூன்று நாள் சேற்றில் நின்றதை உங்கள் உண்டியலில் எப்படிப் போடுவது?

குன்னூர்ப் பெரியவர்:
அம்மா, கோபம் வேண்டாம். எனக்கு வயது 68. குன்னூர் மார்க்கெட்டில் எங்கள் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. சிலோனிலிருந்து லாரி லாரியாக ஆட்கள் வந்து இறங்கிய காலத்தில் கடைத்தெருவே சேர்ந்து கம்பளி சேகரித்தது. நாற்பது கம்பளி. அந்தக் கட்டுகளை என் தலையில் சுமந்து லாரியில் ஏற்றினேன். யாரிடமும் ஒரு நயா பைசா வாங்கவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினேன்.

சேரம்பாடி மகள்:
லாரியில் ஏற்றியதைப் பார்த்தீர்கள். இறங்கியதைப் பார்த்தீர்களா?

குன்னூர்ப் பெரியவர்:
அதை நான் ஏன் பார்க்க வேண்டும்? கொடுத்தவன் பின்னாலேயே போய் எண்ணிக்கொண்டிருப்பானா?

பந்தலூர்த் தம்பி:
ஒரு நிமிடம். முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ளலாமே. இந்திய, இலங்கைப் பிரதமர்கள் போட்ட 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படி வந்தவர்கள் இந்தியக் குடியுரிமையோடு வந்தவர்கள், சட்டப்படி தாயகம் திரும்பியோர். அகதி என்று சொல்வது 1983 கலவரத்துக்குப் பிறகு தப்பி வந்தவர்களை. இருவருக்கும் அரசு செய்ததும் வேறு வேறு. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் அரசுத் தேயிலைத் திட்டமே தொடங்கியது, அதுதான் பிறகு டான்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். உரிமையாக வந்ததை உதவி என்று சொன்னால் குழப்பம்தான் வரும்.

சேரம்பாடி மகள்:
தம்பி, நல்ல தகவல். ஆனால் கம்பளிக்குப் பிடித்தார்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

குன்னூர்ப் பெரியவர்:
அதேதான். ஒப்பந்தம் எல்லாம் எங்களுக்கும் தெரியும் தம்பி. இலவசமாகக் கொடுத்தோமா இல்லையா என்பதுதான் பேச்சு.

கொழுந்து விலை:
யாருக்கோ எப்போதோ கொடுத்த கம்பளிக்கு இத்தனை சண்டை. கிலோ பச்சைத் தேயிலைக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டுப் போன வருடம் நாங்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தபோது இந்தக் குழுவில் ஒருவர் வாய் திறந்தீர்களா? முதலில் சிறு விவசாயிக்கு நிவாரணம் சேருங்கள்.

மேல்மலை:
இவர் சுற்றுலா வண்டிகளுக்கான ஈ-பாஸ் அனுமதிச் சண்டையிலும் கொழுந்து விலை, யானை வந்தாலும் கொழுந்து விலை. விடுங்கள். நான் கொடைக்கானல் பக்கம். மேல்மலைக் கூப்புகளில் (மரம் வெட்டக் குத்தகைக்கு விட்ட காடுகளில்) மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் கொண்டுபோன சிலோன் குடும்பங்களைக் கொத்தடிமை என்று சொல்லி எண்பதுகளில் மீட்டார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்தாயிற்று, அதற்குப் பிறகும் இந்த நிலைமை. அங்கே முன்பணம் கொடுத்த மேஸ்திரியும் "நான்தான் இவர்களுக்குச் சோறு போட்டேன்" என்றுதான் சொல்லியிருப்பான். பெரியவர் பேச்சைக் கேட்டால் அந்த ஞாபகம் வருகிறது.

குன்னூர்ப் பெரியவர்:
என்னைக் கூப்பு மேஸ்திரியோடு சேர்க்கிறீர்களா? நீங்கள் யார், என்ன பெயர் என்றுகூடத் தெரியாது. போன மாதம் ஈ-பாஸ் விஷயத்தில் நான் சொன்னது பிடிக்கவில்லை, அதற்குப் பழி தீர்க்கிறீர்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மேல்மலை:
ஈ-பாஸால் லாட்ஜ்காரர்கள் பட்டினி என்று அழுதவர் நீங்கள். நிவாரணம் முதலில் அவர்களுக்கா?

சேரம்பாடி மகள்:
ஈ-பாஸைப் பிறகு பேசலாம். கம்பளிக்கு வருவோம். என் அம்மாவிடம் இன்று காலையில் மறுபடி கேட்டேன். அவருக்கு 79 வயது, நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகும், இது மறக்கவில்லை. கறுப்புக் கம்பளி, ஓரத்தில் சிவப்புக் கோடு, முதல் மழைக்கே சாயம் இறங்கி அக்காவின் சட்டையெல்லாம் கறுப்பு. வந்த வருடம் ஆடி மாதம். நுவரெலியாவில் பிறந்தவர்களுக்குக் குளிர் புதிதில்லை, ஆனால் அங்கே வீடு என்று ஒன்று இருந்தது, இங்கே முதல் நான்கு மாதம் பாலித்தீன் கூரைக்குக் கீழே. சம்பள நாளன்று கணக்கர் பெயர் கூப்பிட்டு, அரிசிக்கு இவ்வளவு, கம்பளிக்கு இவ்வளவு என்று சத்தமாக வாசித்துக் கழித்துக் கொடுத்தார். அப்பா மீதியை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டாராம். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று பெயர், அதில் அழாத மனிதர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார். ஆறு ரூபாய்க்காக இல்லை. "சும்மா கொடுத்ததாக எழுதி வைத்திருக்கிறான், பக்கத்தில் பிடித்தமும் எழுதியிருக்கிறான்" என்று. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும், அதுதான் வினை.

குன்னூர்ப் பெரியவர்:
நாங்கள் கொடுத்தது சாம்பல் நிறம். கறுப்பு இல்லை.

சேரம்பாடி மகள்:
கறுப்பு.

குன்னூர்ப் பெரியவர்:
அம்மா, ஜவுளிக்கடைக்காரர் மகனுக்கு நிறம் தெரியாதா? சாம்பல் நிறம், முரட்டு நெசவு, ஓரம் தைக்காதது. சிவப்புக் கோடெல்லாம் கிடையாது.

பந்தலூர்த் தம்பி:
அப்படியானால் இவை இரண்டும் வேறு வேறு கம்பளிகளாக இருக்கலாமே? கடைத்தெரு கொடுத்தது ஒன்று, சேரம்பாடிக்காரரின் அப்பா வேலைக்குச் சேர்ந்த இடத்தில் பிடித்தம் போட்டுக் கொடுத்தது இன்னொன்று. இருவர் சொல்வதும் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு.

சேரம்பாடி மகள்:
அப்படியென்றால் அந்த நாற்பது சாம்பல் கம்பளி எங்கே போனது? எங்கள் லைனில் ஒருவர்கூடச் சாம்பல் கம்பளி போர்த்தியதில்லை. நடுவராக வருகிறவர் அதற்கும் விடை சொல்லிவிட்டுப் போங்கள்.

குன்னூர்ப் பெரியவர்:
பந்தலூர்த் தம்பி சமாதானம் என்ற பெயரில் எங்கள் அப்பா கொடுத்ததை வழியில் யாரோ விற்றுவிட்டார்கள் என்கிறாரா? பொதுக்காரியம் செய்தவர்களை இப்படித்தான் பேசுவார்கள். எங்கள் கடையில் கணக்கு நோட்டுகூட இருந்தது.

மேல்மலை:
இருந்தது என்றால் இப்போது?

குன்னூர்ப் பெரியவர்:
2009 மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. நவம்பரில் நிலச்சரிவில் நாற்பது பேருக்கு மேல் செத்தார்களே, அந்த மழை. நோட்டைக் காப்பாற்றுவேனா, வீட்டைக் காப்பாற்றுவேனா?

சேரம்பாடி மகள்:
நல்ல மழை. ஆதாரத்தை மட்டும் தேடிப் பிடித்துக் கொண்டுபோயிருக்கிறது.

பந்தலூர்த் தம்பி:
இனி நான் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு விஷயம், இன்றைய வேலையைப் பற்றி. நம் சேகரிப்பு மையத்தில் நேற்று மூட்டை பிரித்தோம். பதினொரு மூட்டையில் ஏழு பழைய துணி. ஜிப் போன பேன்ட், குழந்தை கவுன், கல்யாணத்துக்குக் கட்டிய ஜரிகைப் புடவை ஒன்று, ஒற்றைக் கால் செருப்பு. பழைய துணி வேண்டாம் என்று வயநாட்டிலிருந்தே சொல்லிவிட்டார்கள், அங்கே குவிந்து கிடக்கிறது. உள்ளாடை, சானிட்டரி நாப்கின், பாத்திரம், பிள்ளைகளுக்குப் பள்ளிப் பை, இவை புதிதாக இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் பணமாகக் கொடுங்கள். தமிழக அரசே 5 கோடி ரூபாயைப் பணமாகத்தான் கொடுத்தது.

கொழுந்து விலை:
அந்த 5 கோடியில் எங்களுக்கு

கொழுந்து விலை:
கை பட்டுப் போய்விட்டது. அந்த 5 கோடியில் எங்களுக்குக் கிலோவுக்கு எத்தனை காசு கூட்டிக் கொடுத்திருக்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா?

மேல்மலை:
200 பேருக்கு மேல் மண்ணுக்குள் போயிருக்கிறார்கள். இவர் கிலோ கணக்குப் போடுகிறார்.

குன்னூர்ப் பெரியவர்:
ஜரிகைப் புடவை எங்கள் தெருவிலிருந்து வந்தது. நல்ல புடவை. ஒரே தடவை கட்டியது. கொடுக்கிற மனதைக் கேலி செய்யாதீர்கள்.

சேரம்பாடி மகள்:
வீட்டை ஆறு அடித்துக்கொண்டு போய், பிள்ளையைத் தேடிக்கொண்டு பள்ளிக்கூட முகாமில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஜரிகைப் புடவை. ஐயா, உங்கள் தெரு அன்றைக்கும் இப்படித்தான் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்களுக்கு வேண்டாததைக் கொடுத்துவிட்டு ஐம்பது வருடம் கழித்து நன்றி கேட்பது. இதே மலையில் ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய் என்று எங்கள் ஆட்களுக்குக் கடிதம் வருகிறது. 2022ல் டான்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க ஆணை வந்தபோது வேலை போகுமோ என்று தெருவில் நின்றோம். அப்போது எந்தக் கடைத்தெரு வந்தது? கம்பளியோடு வேண்டாம், கையை வீசிக்கொண்டாவது யார் வந்தீர்கள்?

குன்னூர்ப் பெரியவர்:
பேச்சை மாற்றாதீர்கள். கம்பளி இலவசம். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

சேரம்பாடி மகள்:
மாதம் ஆறு ரூபாய். மூன்று மாதம். பதினெட்டு.

பந்தலூர்த் தம்பி:
நாளை காலை 7 மணிக்கு ஜீப் சேரம்பாடி வழியாகப் போகிறது. ஏற்றி இறக்க இரண்டு ஆள் வேண்டும். யாராவது வருகிறீர்களா?

சேரம்பாடி மகள்:
என் தம்பி வருவான். ஜரிகைப் புடவையை மட்டும் ஏற்றாதீர்கள்.

குன்னூர்ப் பெரியவர்:
புடவை போகவில்லை என்றால் எங்கள் தெருவின் மற்ற மூட்டைகளும் போகாது, சொல்லிவிட்டேன். அப்புறம், சாம்பல் நிறம்தான். என் தங்கையிடமும் கேட்டுவிட்டேன்.

சேரம்பாடி மகள்:
அவரும் லாரியில் ஏற்றினாரா?