ரயில்வே கேட் கேமராவுக்கு ஒரு சொல்: ‘மீறற்பதிவி’

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

ரயில்வே கேட்டில் விதியை மீறுகிறவர்களைத் தானாகவே படம் பிடிக்கும் கேமராவுக்கு மூன்று நாளாகத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். நேற்று ஐயா ஒருவர் எழுதியது இது:

> கடவுக் கண்காணிப்புக் கருவி என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறு ஒன்றாகப் புரியும். கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 அன்று, மூடியிருக்க வேண்டிய கேட் திறந்திருந்ததால் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் எல்லா கேட்டுகளிலும் சிசிடிவி வைக்கும்படி ரயில்வே அமைச்சர் உத்தரவிட்டார். கேட் கீப்பர் கேட்டை மூடினாரா, எப்போது மூடினார் என்று பார்ப்பது அந்தக் கேமரா. நாம் பெயர் தேடுவதோ சாலையில் வருகிறவரைப் படம் பிடிக்கும் கேமராவுக்கு. இரண்டுக்கும் ‘கண்காணிப்பு’ என்று பெயர் வைத்துவிட்டால், ‘கேட்டில் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டது’ என்று நாளை செய்தி வரும்போது எதைப் பொருத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் உயிர் போன விஷயத்தில் இந்தக் குழப்பம் வேண்டாம்.

கொருக்குப்பேட்டை கேட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மணி அடிக்கத் தொடங்கியதும் நிற்க வேண்டிய ஆட்டோ, மினி லாரி, பைக் எல்லாம் வேகம் கூட்டின. கம்பி பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டது, அடியில் ஒரு மீன்பாடி வண்டி. கேட் கீப்பர் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார். சிக்னலோடு இணைத்த கேட் அது, முழுதாக மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல் விழும், அதுவரை ரயில் தள்ளி நிற்க வேண்டியதுதான். ஒருவழியாக மூடிய பிறகு ஒருவர் பைக்கைச் சாய்த்து, பின்னால் இருந்த பையனின் தலையைக் கையால் அமுக்கிக்கொண்டு கம்பிக்கு அடியில் நுழைந்தார். பையனின் புத்தகப் பை கம்பியில் உரசிக்கொண்டு போனது. அதைப் பார்த்த பிறகு எனக்கு இது வெறும் அகராதி வேலையாகத் தோன்றவில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் 1990-இல் ஓடத் தொடங்கிய ப்ளூ லைன் என்ற நகர ரயில் பாதையில் அதே பத்தாண்டில் இப்படிக் கேமராக்கள் வைத்தார்கள். அங்கே அப்போது கேட் கம்பி சாலையில் பாதியைத்தான் மறைக்கும், அதனால் கார்கள் அதைச் சுற்றி வளைந்து நுழையும். சாலைக்கு அடியில் பதித்த கம்பிச்சுருள் மேலே கார் வருவதை உணர்ந்து கேமராவைத் தட்டிவிடும். எண் பலகை படத்தில் விழும், ஓட்டுகிறவர் முகமும் விழும். அப்புறம் வீட்டுக்கு நோட்டீஸ் வரும்.

நம் ஊரில் வளைவதில்லை, குனிகிறார்கள். அதனால்தான் ‘எண்பலகைப் படிப்பி’ என்ற பரிந்துரையும் எனக்குச் சரியாகப் படவில்லை. அண்ணா நகர்ச் சந்திப்புகளில் 2019-இல் வந்த கேமராக்களுக்கு அது பொருந்தலாம். கேட்டுக்கு அடியில் நடந்து போகிறவருக்கு எண் பலகை ஏது? 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 160-ஆம் பிரிவைப் பாருங்கள். மூடிய கேட்டைத் திறந்தால் 3 ஆண்டு வரை சிறை, உடைத்தால் 5 ஆண்டு வரை. திறப்பது, உடைப்பது, குனிந்து நுழைவது, மணி அடித்த பிறகு பாய்வது எல்லாவற்றுக்கும் பொதுவாக நம்மிடம் இருக்கும் நல்ல சொல் ‘மீறல்’. சொல்லின் தலையில் அது இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

‘அமலாக்கக் கேமரா’ என்றும் வேண்டாம். கேமரா எதையும் அமலாக்குவதில்லை, பதிவு செய்கிறது. அபராதம் போடுவது மனிதர்தான். ஆகவே கருவிக்கு ‘மீறற்பதிவி’, அதை வைத்து நடக்கும் முழு ஏற்பாட்டுக்கு ‘மீறற்பதிவு அமலாக்கம்’. கணினி, அலைபேசி என்று இகரத்தில் முடியும் கருவிப் பெயர்கள் நமக்குப் பழகிப்போனவை, பதிவியும் அந்த வரிசையில் உட்காரும்.

இனி லெவல் கிராசிங், அதாவது சாலையும் தண்டவாளமும் குறுக்கிடும் இடம். ‘கடவு’ என்று எழுதினால் கடவுச்சீட்டும் கடவுச்சொல்லும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. ‘கடவுமீறல்’ என்று என் மருமகளிடம் சொன்னேன். யாரோ பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்களா மாமா என்று கேட்டாள். இலங்கைத் தமிழர்கள் ‘புகையிரதக் கடவை’ என்று நாள்தோறும் செய்தியில் எழுதுகிறார்கள், பாதசாரிக் கடவையும் அவர்களிடம் உண்டு. இத்தனை தெளிவான சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு? ‘ரயில் கடவை’ என்று எடுத்துக்கொள்வோம். பேச்சில் ‘கேட்’ இருக்கட்டும், அதைப் பிடுங்க வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் எனக்கு உங்கள் கருத்து தேவை. புணர்ச்சி இலக்கணப்படி ‘மீறற்பதிவி’தான் சரி. ஆனால் செல்பேசித் திரையில் வேகமாகப் படிக்கிறவர் ‘மீற’ என்பதோடு தடுக்கி நிற்பாரோ என்று தோன்றுகிறது. ‘மீறல் பதிவி’ என்று பிரித்து எழுதினால் இலக்கணம் தெரிந்தவர்கள் மன்னிப்பீர்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.