"5,000 பேர் ஆக்கிட்டாங்க, இனி நமக்குக் கவலையில்லை"ன்னு சொல்றவங்ககிட்ட ஒரு கேள்வி: ஒன்றரை ஷிப்டை எங்க ஒளிப்பீங்க?

நொய்யல்கரை:
பக்கத்துத் திரியில கணக்கன் எழுதினதை நேத்து ராத்திரி படிச்சேன், இன்னும் மனசு ஆறலை. அவர் எழுதினது இதுதான்: "ஐரோப்பாக்காரன் சப்ளை செயின் சட்டத்துல 1,000 பேர்ங்கறதை 5,000 பேர்னு மாத்திட்டான். திருப்பூர்ல 5,000 பேரை வெச்சு ஓட்டற கம்பெனி எத்தனை? நம்மாளுக பயப்பட ஒண்ணுமில்லை, ஒன்றரை ஷிப்ட் எப்பவும் போல ஓடட்டும்."

ஒன்றரை ஷிப்ட்னா எட்டு மணி நேர ஷிப்டு மேல இன்னொரு அரை ஷிப்ட், மொத்தம் பன்னெண்டு மணி நேரம். அந்தச் சட்டம், சரக்குத் தர்ற கம்பெனியில ஆளுகளை ஒழுங்கா நடத்தறாங்களான்னு வாங்கறவனையே பார்க்கச் சொல்லுது. அந்த 5,000 நம்ம தலைக்கணக்கு இல்லைங்க. சரக்கு வாங்கறவனோட தலைக்கணக்கு. 2024-ல சட்டம் வந்தப்ப 1,000 ஊழியர், 45 கோடி யூரோ விற்பனைன்னு இருந்துச்சு. 2025 டிசம்பர்ல பேசி முடிச்சு 5,000 ஊழியர், 150 கோடி யூரோன்னு ஏத்தி, 2029 ஜூலைக்குத் தள்ளி வெச்சாங்க. ஜெர்மனிக்காரனோட சொந்தச் சட்டம் அதுக்கெல்லாம் முன்னாடியே, 2023 ஜனவரியில இருந்து நடப்புல இருக்குது. முதல் வருஷம் 3,000 பேர் வெச்சிருந்தவங்களுக்கு, 2024-ல இருந்து 1,000 பேருக்கு. அதுவும் ஜெர்மனிக்குள்ள வேலை செய்யற ஆளுகளோட எண்ணிக்கை. 80 பேர் வெச்சிருக்கற கம்பெனிக்கு 40 பக்கக் கேள்வித்தாள் வருதுன்னா அந்த வழியாத்தான் வருது.

14 வருஷமா ஒரு கம்பெனியில ஹெச்ஆரும், சட்டப்படி எல்லாம் நடக்குதான்னு பார்க்கற கம்ப்ளையன்ஸும் பார்க்கறேன். "தயாராகறது"ன்னா சாஃப்ட்வேர் வாங்கறதில்லை. ஒன்றரை ஷிப்ட் கணக்கை நேர் பண்றது. அது ஒண்ணுதான்.

கணக்கன்:
மிரட்டி மிரட்டியே ஊரைக் கெடுக்கறீங்க. 27 ஆகஸ்ட் 2025-ல இருந்து அமெரிக்காக்காரன் 50 சதவீத வரி போட்டு ஆர்டர் நின்னு தவிச்ச கம்பெனிகளை நேர்ல பார்த்தவன் நான். அவங்களுக்கு ரெண்டு நல்ல வார்த்தை சொன்னா குத்தமா? சட்டத்தைத் தளர்த்திட்டாங்கன்னு சொன்னேன், தளர்த்தினது உண்மைதானே?

பவர்டேபிள் மணி:
நொய்யல்கரை அண்ணனுக்கு வணக்கமுங்க. நான் 22 மெஷின் போட்டு, எக்ஸ்போர்ட்காரங்க துணியைக் கூலிக்குத் தெச்சுக் குடுக்கற ஜாப் ஒர்க் எடுக்கறவன். ஒன்றரை ஷிப்ட் ஓவர்டைம் கிடையாதுங்க. எங்கப்பன் காலத்துல இருந்து காலையில எட்டரைக்கு வந்தா ராத்திரி எட்டரைக்குப் போவாங்க, ஒன்றரை ஷிப்ட் சம்பளம் வாங்கிக்குவாங்க. அது ஊர்ப் பழக்கம்.

நொய்யல்கரை:
மணி, பழக்கம்ங்கறதுக்காக எட்டு மணி நேரம் பன்னெண்டு ஆகிடாது. ஷிப்ட் சம்பளம் 480 ரூபாய்னு வெச்சுக்குவோம். ஒன்றரை ஷிப்டுக்கு நீங்க குடுக்கறது 720. மணிக்கு 60, மிச்ச நாலு மணி நேரத்துக்கு ரெட்டைச் சம்பளம்னா 480. மொத்தம் 960. ஓராளுக்கு ஒரு நாளைக்கு 240 ரூபாய் குறையுது. உங்க 22 மெஷினுக்கு 5,280 ரூபாய். பழைய தொழிற்சாலைச் சட்டம் 59-ஆம் பிரிவும் ரெட்டைன்னுதான் சொல்லுச்சு, 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத் தொகுப்பும் ரெட்டைங்குது. ஜெர்மன் சட்டத்துல வேலை நேரமும் இடைவேளையும் எழுத்துலயே இருக்குது, உரிய கூலியைப் பிடிச்சு வைக்கறதும் இருக்குது. உள்ளூர்ச் சட்டத்தை மீறினாலே அங்க கேள்வி வரும்.

பவர்டேபிள் மணி:
எங்களுது ஃபேக்டரியே இல்லைங்க, கூலிக்குத் தைக்கற சின்ன செட்டு. பவர் டேபிள். அதுவும் பீஸ் ரேட்டு, தெச்ச உருப்படிக்கு இவ்வளவுன்னு கூலி. பீஸ் ரேட்டுக்கு ஏதுங்க ஷிப்ட்? ஒன்றரை ஷிப்ட் ஓவர்டைம் கிடையாது.

நொய்யல்கரை:
இப்பத்தான் "ஒன்றரை ஷிப்ட் சம்பளம் வாங்கிக்குவாங்க"ன்னீங்க. அடுத்த பதிவுல "பீஸ் ரேட்டுக்கு ஏது ஷிப்ட்"ங்கறீங்க. எது நிஜம்? பீஸ் ரேட்டுன்னாலும் சராசரிக் கூலியை எடுத்து ரெட்டை போடணும்னு அதே 59-ஆம் பிரிவுல இருந்துச்சு. 22 மெஷின், கைமடி (உதவியாளுக), செக்கிங், அயர்ன் எல்லாம் சேர்த்து 30 பேர் தாண்டும். கரண்டுல ஓடுது. பவர் டேபிள்னு பேர் வெச்சா ஃபேக்டரி இல்லாமப் போயிடுமா?

கரூர்த்தறி:
எங்க கரூர்ல இருந்தும் பெட்ஷீட்டு, கிச்சன் டவல் எல்லாம் ஐரோப்பாவுக்குப் போகுது. இப்படிச் சண்டை நாங்க போட்டதில்லை. திருப்பூர்க்காரங்களுக்கு எப்பவும் சத்தம் ஜாஸ்தி.

நொய்யல்கரை:
கரூர்ல ஆடிட்டே (சரக்கு வாங்கறவனுக்காக வந்து பண்ற சோதனை) வரலைன்னு சொல்றீங்களா, இல்லை வந்தப்ப நிஜக் கணக்குக்கு ஒண்ணு, காட்டறதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு நோட்டு இருந்ததை யாரும் பார்க்கலைன்னு சொல்றீங்களா?

கரூர்த்தறி:
வார்த்தையை அளந்து பேசுங்க. போன வருஷம் பருத்தி இறக்குமதி வரித் திரியிலயும் இப்படித்தான் கரூரை இழுத்தீங்க. 11 சதவீதத்தை எடுத்தது நூல் விலைக்கு நல்லதுன்னு நான் எழுதினேன், "விவசாயி வயித்துல அடிக்கறவன்"னு பட்டம் குடுத்தீங்க. மறக்கலை.

நொய்யல்கரை:
அந்தத் திரியில நான் சொன்னதை இன்னைக்கும் சொல்லுவேன். இங்க பேச்சு ஒன்றரை ஷிப்டு.

ரெண்டு நோட்டுன்னு சும்மா சொல்லலை. முன்னாடி நான் வேலை செஞ்ச ஒரு கம்பெனியில நடந்தது. ஆடிட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே மஞ்சக் கோடு புதுசா அடிச்சு, வழியில அடுக்கியிருந்த அட்டைப்பெட்டியை எல்லாம் மொட்டை மாடிக்கு ஏத்தியாச்சு. கத்தரிக்கோலை மெஷின்ல கட்டியாச்சு. பூட்டிக் கிடந்த குழந்தைகள் அறையைத் திறந்து, கடையில வாங்கின பொம்மையைப் பரப்பியாச்சு. பஞ்ச் கார்டுல எல்லாருக்கும் அஞ்சரை மணி. அரை ஷிப்ட் மட்டும் தனி நோட்டுல. அந்த நோட்டு சூப்பர்வைசர் பைக் பெட்டியில.

ஆடிட்டுக்கு வந்த அம்மா சம்பள ரிஜிஸ்டரைப் புரட்டிட்டு ஒண்ணும் சொல்லலை. உடைஞ்ச ஊசி ரிஜிஸ்டரைக் கேட்டாங்க. தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: ஊசி உடைஞ்சா துண்டெல்லாம் பொறுக்கி செலோடேப்ல ஒட்டி, தேதி, நேரம், மெஷின் நம்பர் எழுதோணும். குழந்தைத் துணியில ஊசித்துண்டு போயிடக் கூடாதுன்னு அவ்வளவு கண்டிப்பு. அந்த ரிஜிஸ்டர்ல ஓவர்லாக் 14, ராத்திரி 7.40 (ஓவர்லாக், பேட்லாக் ரெண்டும் தையல் மெஷின் வகை). அடுத்த பக்கம் பேட்லாக் 6, ராத்திரி 8.10. கணக்கு ஊசி வரைக்கும் சுத்தமா இருந்துச்சு, ஆளுக கணக்குதான் பொய். ஆர்டர் போச்சு. அந்த சீசன் முழுக்க 60 பேருக்கு வேலையில்லை. அன்னைக்கு அந்த ரிஜிஸ்டரைக் கையில எடுத்துக் குடுத்தவன் நான்.

கணக்கன்:
அப்ப ஊசி ரிஜிஸ்டரையும் ஒழுங்கா எழுதச் சொல்லிக் குடுக்கோணும். இதுக்குத்தான் முறையான ஆலோசனை வேணும்ங்கறது.

நொய்யல்கரை:
ஒழுங்கான்னா? 7.40-ஐ 4.40-ன்னு எழுதவா? நாலு மணி நேர வகுப்புக்கு ஒரு கம்பெனிக்கு எவ்வளவு வாங்கறீங்கன்னு ஊருக்குத் தெரியும். அந்தக் காசை டெய்லருக்குக் குடுத்தா ஒரு மாச ஓவர்டைம் தீரும்.

கணக்கன்:
என் ஃபீஸைப் பத்திப் பேச நீங்க யாரு? உங்க கம்பெனியில வாங்கின சான்றிதழ் எல்லாம் சும்மா வந்துச்சா?

சாயக்காரன்:
சான்றிதழ்னு பேச்சு வந்ததால சொல்றேன். கராச்சியில 2012 செப்டம்பர்ல துணி தைக்கற கம்பெனி எரிஞ்சு 250 பேருக்கு மேல செத்தாங்களே, அந்தக் கம்பெனி சில வாரம் முன்னாடிதான் எஸ்ஏ 8000-ங்கற தொழிலாளர் நலச் சான்றிதழ் வாங்கியிருந்துச்சு. பங்களாதேஷ்ல 2013-ல இடிஞ்சு விழுந்த ராணா பிளாசா கட்டடத்துக்குள்ள இருந்த கம்பெனிகள்லயும் ஆடிட் நடந்திருந்துச்சு. 1,100 பேருக்கு மேல செத்தாங்க. காகிதத்தை நம்பி என்ன பிரயோஜனம்?

அப்புறம் நொய்யல்கரைன்னு பேர் வெச்சிருக்கீங்களே, 2011 ஜனவரியில ஹைகோர்ட் சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடச் சொன்னப்ப எங்க இருந்தீங்க? கடன் வாங்கி சுத்திகரிப்பு நிலையம் கட்டினது நாங்க. தண்ணி ஒரு சொட்டு வெளிய விடாம ஓட்டற செலவைப் பாதி ஏத்துக்கறேன்னு சரக்கு வாங்கற எந்த பையராவது வந்தானா?

நொய்யல்கரை:
கோர்ட்டு கழுத்தைப் பிடிக்கற வரைக்கும் நொய்யல்ல இருக்கற ஒரத்துப்பாளையம் டேம்ல சாயத்தண்ணியைத் தேக்கினதும் நீங்கதான். தயாராகாம இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு உங்களைவிட நல்ல சாட்சி இல்லை. ஒரே நாள்ல ஷட்டர் இறங்குச்சு.

சாயக்காரன்:
தேக்கினவனும் கட்டினவனும் ஒண்ணா? நான் 2006-ல இருந்து சுத்திகரிச்சு மிஞ்சற உப்புத்தண்ணியை வெளிய விடாமக் காய்ச்சிட்டிருக்கேன். மன்னிப்புக் கேளுங்க.

பேட்லாக் செல்வி:
அண்ணன்மாரே, நானும் ஒண்ணு சொல்லலாமுங்களா. பதினொரு வருஷமா பேட்லாக் ஓட்டறேன். எல்லாரும் ஒன்றரை ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட்னு எழுதறீங்க, அது என்ற முதுகுல ஓடறது. ஆடிட்டு முடிஞ்சா பையர் கண்டிச்சுட்டான்னு ரெண்டு மாசம் அஞ்சரைக்கே அனுப்பிடறாங்க. வீட்டு வாடகை அந்த அரை ஷிப்ட்லதான் குடுக்கறேன். கேட்டா "சட்டம் அப்படி"ன்னு சொல்றாங்க. சட்டம் ரெட்டைச் சம்பளம் குடுக்கச் சொல்லுதா, வேலையை நிறுத்தச் சொல்லுதா?

பவர்டேபிள் மணி:
பார்த்தீங்களா! அந்தக்காவே கேட்கறாங்க. ஆளுகளுக்கு அரை ஷிப்ட் வேணும். ஒன்றரை ஷிப்ட் ஓவர்டைம் கிடையாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

பேட்லாக் செல்வி:
நான் அப்படிச் சொல்லலைங்க. காசு ரெட்டையா வேணும்னு சொன்னேன்.

நொய்யல்கரை:
செல்விம்மா, நிறுத்தறது கம்பெனியோட சுலப வழி. ஜெர்மன் சட்டத்துல புகார் சொல்ற வழி இருந்தே ஆகோணும், அது சங்கிலியோட கடைசியில இருக்கறவங்களுக்கும் உண்டு. மணியோட பவர் டேபிள்ல தைக்கறவங்களும் சொல்லலாம். 2022 ஏப்ரல்ல திண்டுக்கல்ல பையரும் கம்பெனியும் பெண்களே நடத்தற சங்கமும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டாங்களே, புகார் வந்தா பையரும் பதில் சொல்லியாகோணும்னு. அந்த மாதிரி ஒண்ணு திருப்பூர்ல இல்லாததுக்கு இங்க இருக்கற முதலாளிமாருதான் காரணம்.

பவர்டேபிள் மணி:
முதலாளியா? நானுங்களா? மெஷின் லோன் கட்டறவன் முதலாளியா? எக்ஸ்போர்ட்காரன் பீஸுக்கு 11 ரூபாய் குடுக்கறான், போன வருஷமும் அதே 11. வெள்ளிக்கிழமை ராத்திரி கட்டிங் அனுப்பி திங்கக்கிழமை லோடுங்கறான். நீங்க ஹெச்ஆர் பார்க்கற கம்பெனியும் அப்படித்தான் அனுப்புது, பேர் சொல்லலை. உங்க பஞ்ச் கார்டு அஞ்சரைக்கு சுத்தமா நிக்கறது எதனாலன்னா மிச்சத் தையல் என்ற செட்டுல நடக்கறதால. அந்த 5,280 ரூபாயை நீங்க வாங்கிக் குடுங்க, நாளைக்கே ரெட்டை போடறேன்.

கணக்கன்:
இதுக்குப் பதில் சொல்லுங்க நொய்யல்கரை.

நொய்யல்கரை:
சொல்றேன். பையர் தன்னோட கொள்முதல் முறையையும் மாத்தோணும்னு ஐரோப்பியச் சட்டத்துல இருக்குது. பொறுப்பை அப்படியே சப்ளையர் தலையில தள்ளக் கூடாதுன்னு ஜெர்மன் அரசு அலுவலகமே வழிகாட்டுதல் குடுத்திருக்குது. அதைக் காட்டி விலை கேட்கோணும்னா முதல்ல நம்ம கணக்கு நேரா இருக்கோணும். பன்னெண்டு மணி நேரத்தை எட்டுன்னு எழுதி அனுப்பிட்டு, பன்னெண்டு மணி நேரத்துக்குக் காசு பத்தலைன்னு எந்த மூஞ்சியோட கேட்பீங்க?

பவர்டேபிள் மணி:
என்ற 11 ரூபாய்க்குப் பதில் வரலைங்க.

நொய்யல்கரை:
அது எக்ஸ்போர்ட்டர் சங்கத்துல பேச வேண்டியது. ஒன்றரை ஷிப்ட் ஓவர்டைம்தான். அதுல மாத்தமில்லை.

கரூர்த்தறி:
அவரு கம்பெனின்னா சங்கத்துல பேசோணும், மணின்னா இங்கயே பேசோணும். நல்ல நியாயம்.

சாயக்காரன்:
மன்னிப்புக் கேளுங்கன்னு நான் சொல்லி மூணு மணி நேரமாச்சு.

நொய்யல்கரை:
கட்டினவங்களை நான் சொல்லலை. தேக்கினவங்களைச் சொன்னேன். நீங்க எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியும்.

பேட்லாக் செல்வி:
அந்தப் புகார் எண்ணு எங்க நோட்டீஸ் போர்டுல இங்கிலீஷ்ல ஒட்டியிருக்குதுங்க, ஃபேனுக்குப் பின்னாடி. தமிழ்ல இருந்தா யாராச்சும் போடுங்க. நான் எட்டரைக்கு மேலதான் வந்து பார்ப்பேன்.

பவர்டேபிள் மணி:
ஓவர்டைம் கிடையாதுங்க.