புதுப்பிப்பு: சாண்டோஸ் சரக்கின் பி.எல். சிக்கல் தீர்ந்தது

கோவை வாடிக்கையாளர் ஒருவரின் தண்ணீர் பம்புகள் தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வழியாக பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்துக்குப் போக வேண்டும், கப்பல் நிறுவனமோ டிராஃப்ட் பி.எல்லை (பில் ஆஃப் லேடிங் என்ற சரக்கு ரசீதின் வரைவை) திருப்பித் திருப்பி அனுப்புகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சரக்கு இறங்கி, இறக்குமதியாளர் கைக்குப் போய்விட்டது.

கைகொடுத்தது, மரப் பேக்கிங்கைப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான். வாங்குபவரின் 14 இலக்க சிஎன்பிஜே எண்ணும் (பிரேசிலில் நிறுவனங்களின் பதிவு எண்) பம்புக்கான என்சிஎம் குறியீடு (அங்கே பயன்படும் சரக்கு வகைக் குறியீடு) 8413-உம் டிராஃப்ட்டில் ஏற்கெனவே இருந்தன. பேக்கிங் மரம் எந்த வகை என்ற ஒரு வரிதான் இல்லை.

எதிர்பாராதது அதற்கப்புறம் வந்தது. எங்கள் பேலட் (சரக்கை அடுக்கும் அடித்தட்டு) பிளைவுட். பூச்சி பரவாமல் மரத்தைப் பதப்படுத்தியதற்கான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை அதற்குத் தேவையில்லை. அதனால் மர வகை வரியில் ‘நாட் அப்ளிகபிள்’ (பொருந்தாது) என்று போட்டோம், அதுவும் திரும்பி வந்தது! பிளைவுட்டுக்கு ‘ப்ராசஸ்டு வுட்’ (ஆலையில் பதப்படுத்திய மரம்) என்று போட வேண்டுமாம். பிளாஸ்டிக் பேலட் மாதிரி மரமே இல்லாத பேக்கிங்குக்குத்தான் ‘நாட் அப்ளிகபிள்’. மாற்றியதும் அன்றைக்கே சரி என்று பதில் வந்தது. கப்பல் கிளம்பும் முன்பே முடிந்ததால் திருத்தக் கட்டணமும் இல்லை.

இதே வாடிக்கையாளருக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க்குக்கும் கென்யாவின் மொம்பாசாவுக்கும் சரக்கு உண்டு. ஹாம்பர்க்குக்கு 4 இலக்கம் போதாது, 6 இலக்க எச்எஸ் குறியீடு (உலகப் பொதுவான சரக்கு வகைக் குறியீடு) கேட்கிறார்கள். மொம்பாசாவுக்கு என்றால் சரக்கு ஏறும் முன்பே இங்கேயே ஆய்வு முடித்துத் தரச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும்.