யுரேனஸ் விஷயத்தில் நியூட்டன் பாஸ், புதன் விஷயத்தில் ஃபெயில்: ஏன்?

கேள்வி (பிளஸ் ஒன் இயற்பியல் வாத்தியார்):
நேற்று ஈர்ப்புப் பாடம். "கணிப்பு பொய்த்தால் கோட்பாட்டைக் கைவிடுவதுதான் அறிவியல்" என்று வருடாவருடம் சொல்வதைச் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "யுரேனஸ் நியூட்டன் கணக்குப்படி போகவில்லையே சார், அவரை யாரும் கைவிடவில்லையே?" என்றாள். மணி அடித்தது, தப்பித்தேன். நாளைக்கு என்ன சொல்வது?

பதில் 1:
சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே நியூட்டன் விதியில் கை வைக்கவில்லை. இன்னொரு கோள் யுரேனஸை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு, அது எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே என்ற வானியலாளர் தேடினார். சொன்ன இடத்துக்கு ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது.

பதில் 2:
இது பாதிக் கதைதான். 1859இல் அதே லெ வெரியே புதனுக்கு வந்தார். அதன் பாதையில் சூரியனுக்கு மிக அருகிலுள்ள புள்ளி, நியூட்டன் கணக்கைவிட நூற்றாண்டுக்கு 38 வில்விநாடி கூடுதலாக நகர்கிறது. ஒரு டிகிரிக்கு 3600 வில்விநாடி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி அதே வைத்தியம்: புதனுக்கு உள்ளே ஒரு கோள், பெயர் வல்கன். லெஸ்கார்போ என்ற கிராமத்து டாக்டர், சூரியன்மேல் ஒரு கரும்புள்ளி கடந்ததைப் பார்த்ததாக எழுதினார். லெ வெரியே அவர் வீட்டுக்கே போய்க் குறுக்கு விசாரணை செய்தார். டாக்டர் கணக்கெழுதுவது மரப்பலகையில். பலகை நிறைந்ததும் இழைத்துவிட்டு மறுபடி எழுதுவாராம்! இதைக் கேட்டும் லெ வெரியே நம்பினார். 1877இல் இறந்தார், அதுவும் செப்டம்பர் 23. வல்கன் சிக்கவே இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் புது ஈர்ப்புக் கோட்பாடு, கோள் எதையும் சேர்க்காமலே அந்த மிச்சத்தைக் கொடுத்தது. லெ வெரியேயின் 38, அதற்குள் திருத்திய அளவில் 43 வில்விநாடி ஆகியிருந்தது.

பதில் 3:
இடிக்கும்போதெல்லாம் ஒரு கோளைச் சேர்ப்பதா? ஜோசியரும் அதைத்தானே செய்கிறார்?

பதில் 2:
ஜோசியர் தொலைநோக்கியை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்வதில்லை. வல்கன் சூரியனை ஒட்டி இருக்கும் என்றார்கள். அதனால் சூரியன் மறையும் கிரகணங்களில் அங்கே தேடினார்கள்.

கேட்டவர்:
இன்று இரண்டு கதையையும் சொன்னேன். லெஸ்கார்போ பலகைக்கு வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "விண்மீன் மண்டலங்கள் (கேலக்ஸிகள்) கணக்கைவிட வேகமாகச் சுழல்வதற்குக் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இழுப்பதுதான் காரணம் என்கிறார்களே, அது நெப்டியூனா வல்கனா சார்?" என்றாள். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.