சிட்டி விடெக்: புது ஈசியு போட்டதும் 4800ல கட் ஆகுது, போர்டு மாத்தணுமா?

கோவை_விடெக்
வணக்கங்க. வண்டி பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் (ஆர்பிஎம் ஏறினதும் வால்வ இன்னும் அதிகமா திறக்க வைக்கற ஹோண்டா சிஸ்டம்), டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்க ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சுக் குடுக்கறது) இருக்கற இன்ஜின். ஸ்டாக் ஈசியுவ (இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) கழட்டிட்டு ஆர்டுயினோ மெகா மேல ஓடற ஓப்பன் சோர்ஸ் ஈசியு போட்டிருக்கேன், அப்புறமா சின்னதா ஒரு டர்போ வைக்கற பிளான் இருக்குங்க அதான். வயரிங் வெளிய ஒரு கடையில குடுத்து பண்ணது. ட்ரிக்கருக்கு (இன்ஜின் எந்த நிலையில இருக்குன்னு ஈசியுவுக்கு சொல்ற சிக்னல்) டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கற 24 பல்லு, சிலிண்டர் சென்சாரோட ஒத்தப் பல்லு, ரெண்டும் ஒரிஜினல் விஆர் சென்சார்தான் (பல்லு கடக்கறப்ப காந்தத்தால சிக்னல் குடுக்கறது). ஸ்டார்ட்டிங் நல்லா ஆகுது, ஐடில் ஓகே, டவுனுக்குள்ள ஒரு குறையும் இல்லீங்க. ஆனா செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்ல மூணாவது கியர்ல முழுசா மிதிச்சா 4800 ஆர்பிஎம் தொட்டதும் டப்டப்டப்னு கட் ஆகுது, சிங்க் லாஸ் கவுண்ட்டர் (ஈசியு பல்லுக் கணக்க தவறவிட்ட தடவை) ஏறுது, வைட்பேண்ட் (சைலன்சர்ல இருக்கற ஆக்ஸிஜன் சென்சார்) அதே நேரத்துல படு லீன்னு, அதாவது பெட்ரோல் கம்மின்னு காட்டுது. கடையில கேட்டா போர்டு போச்சு வேற வாங்குங்கங்கறாங்க. வாங்கறதுக்கு முன்னாடி இங்க கேட்டுரலாம்னு.

ரெட்லைன்_மதுரை
ப்ரோ லீன் காட்டுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன. பழைய வண்டி, பழைய பம்ப், மேல போகப்போக பெட்ரோல் பத்தல. பம்ப்பும் ஃபில்டரும் மாத்துங்க. அதோட இப்ப பங்க்ல வர்றது ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்தது), அதுக்கு இன்னும் ஜாஸ்தி ஊத்தணும், கேஜ்ல காத்து-பெட்ரோல் விகிதம் 14.7 வச்சு ட்யூன் பண்ணிருந்தீங்கன்னா அதுவே தப்பு.

இருங்காட்டுக்கோட்டை_77
தம்பி, நான் சொல்றது பிடிக்காது, ஆனாலும் சொல்றேன். அந்த போர்ட தூக்கி ஓரமா வை. பழைய சிவிக்ல வர்ற பி28 ஈசியு ஒண்ணு தேடிப் பிடி, நம்ம ட்யூன் போட்ட சிப்ப அது படிக்கறதுக்கு உள்ள சாக்கெட், 74எச்சி373 ஐசி ஒண்ணு, ஜே1 ஜம்பர், ஒரு சிப், முடிஞ்சது வேலை. உன் வண்டி பிளக்குக்கு ஒத்து வருதான்னு பாத்து ஜம்பர் ஹார்னஸ் (ரெண்டு பிளக்கையும் சேர்க்கற வயர் கட்டு) கட்டிக்கலாம். இந்த டிஸ்ட்ரிபியூட்டர படிக்கறதுக்குன்னே ஹோண்டாகாரன் பண்ண பொட்டி அது, விஆர் சர்க்யூட், விடெக்க ஆன் பண்ற டிரைவர் சர்க்யூட், ஐடில் வால்வு கன்ட்ரோல், குளிர்ல ஸ்டார்ட் பண்ற டேபிள் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. ரோட்ல ஓட்டற வண்டிக்கு அத விட்டுட்டு எல்லாத்தையும் முதல்லேர்ந்து கட்டறதுல எனக்கு நியாயமே தெரியல.

வயரிங்_பைத்தியம்
மதுரை ப்ரோ, லீன் காட்டுறது இங்க காரணம் இல்ல, விளைவு. ஸ்பார்க் விட்டுப்போனா எரியாத ஆக்ஸிஜன் அப்படியே சைலன்சர் வழியா போகும், வைட்பேண்ட் சென்சாருக்கு தெரிஞ்சது ஆக்ஸிஜன் மட்டும்தான், அது லீன்னுதான் சொல்லும். சந்தேகமா இருந்தா ஃப்யூயல் ரயில்ல (இன்ஜெக்டருக்கு பெட்ரோல் குடுக்கற குழாய்) ப்ரெஷர் கேஜ் மாட்டி லோட்ல பாக்கட்டும், ப்ரெஷர் விழலைன்னா பம்ப்ப விட்ருங்க. ஈ20 விஷயத்துலயும் அப்படித்தான். சுத்த பெட்ரோலுக்கு 14.7, ஈ20க்கு கிட்டத்தட்ட 13.5, ஆனா சென்சார் அளக்கறது லாம்டாவ (எரியத் தேவையான காத்துக்கு எத்தனை மடங்கு காத்து இருக்குங்கறது), கேஜ் அத 14.7 ஆல பெருக்கி காட்டுது அவ்ளோதான். லாம்டா 1ன்னா எந்த பெட்ரோலா இருந்தாலும் 1தான். லாம்டாவுல ட்யூன் பண்ணா இந்தக் குழப்பமே வராது.

கோவை ப்ரோ, சிங்க் லாஸ் கவுண்ட்டர் ஏறுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் முக்கியம். பல்லு எண்ணிக்கை தப்புது. விடெக் எத்தனை ஆர்பிஎம்ல ஆன் ஆகற மாதிரி வச்சிருக்கீங்க? அதுக்கு டிரைவர் என்ன?

கோவை_விடெக்
4800ங்க. ரிலே வழியா.

பல்சக்கரம்
விடெக்க அப்புறம் பாருங்க, டிஸ்ட்ரிபியூட்டர்ல ட்ரிக்கர் எடுக்கறதே தப்புங்கறேன். 24 பல்லுன்னா கேக்க நல்லாத்தான் இருக்கும், அது கேம் வேகத்துல, அதாவது கிராங்க்ல பாதி வேகத்துல சுத்துது, கிராங்க் கணக்குல பல்லுக்கு பல்லு 30 டிகிரி. நடுவுல ஈசியு குத்துமதிப்பாத்தான் கணக்கு போடணும். அதுலயும் டைமிங் பெல்ட் தொய்வு, டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் தேய்மானம் எல்லாம் சேர்ந்து வருது. கிராங்க் புல்லில 36-1 சக்கரம் (36 பல்லுல ஒண்ணு இல்லாதது) ஒண்ணு மாட்டி ஹால் சென்சார் வைங்க, பல்லுக்கு 10 டிகிரி. கணபதி பக்கம் எந்த லேத்துல குடுத்தாலும் கடைஞ்சு குடுப்பாங்க.

வயரிங்_பைத்தியம்
அண்ணா, சக்கரம் நல்லதுதான், மறுக்கல. ஆனா இப்ப அத மாட்டி கட் நின்னுபோச்சுன்னா எதனால நின்னுச்சுன்னு யாருக்கும் தெரியாது, டர்போ வச்சப்புறம் வேற இடத்துல தலைகாட்டும், அப்ப கட் ஆனா போறது பிஸ்டன்.

4800ல செட்பாயின்ட், 4800லயே கட். ஹோண்டா விடெக் சோலனாய்டுக்கு (விடெக்க ஆன் பண்ற மின் வால்வு) ஒத்த வயர்தான் வரும், கிரவுண்ட் அதோட பாடி வழியா சிலிண்டர் ஹெட்டுக்கு போயிடுது, ஈசியு 12 வோல்ட் குடுக்கணும். இந்த மாதிரி போர்டுல இருக்கறதோ கிரவுண்ட் பக்கம் சுவிட்ச் பண்ற அவுட்புட், அதனாலதான் ரிலே போட்டிருக்காங்க, அது சரி. ஆனா ரிலே காயில் மேல ஸ்பைக்க அடக்க டையோடு இருக்கா? இல்லைன்னா அது விடற ஒவ்வொரு தடவையும் நூறு வோல்ட்டுக்கு மேல ஸ்பைக் அடிக்கும், சோலனாய்டும் தன் பங்குக்கு அடிக்கும். அந்த வயர் விஆர் வயரோட ஒரே கட்டுல போனா ஈசியு அத பல்லுன்னு எண்ணிரும், சிங்க் போகும், ஸ்பார்க்கும் இன்ஜெக்ஷனும் நிக்கும், ஆர்பிஎம் காணாம போனதால ரிலேவ விட்ரும், அதுக்கு இன்னொரு ஸ்பைக். மறுபடி சிங்க் பிடிச்சு 4800 தாண்டினதும் திரும்ப ரிலே. உங்க டப்டப்டப் இப்படித்தான் வருதுன்னு நினைக்கறேன்.

காசு செலவில்லாம பாத்துரலாம். சாஃப்ட்வேர்ல விடெக் அவுட்புட்ட ஆஃப் பண்ணிட்டு ஒரு புல் (முழுசா மிதிச்சு ஒரு ஓட்டம்), அப்புறம் செட்பாயின்ட்ட 5400 ஆக்கிட்டு இன்னொரு புல். கட் கூடவே நகர்ந்து போச்சுன்னா போர்டு மேலயும் தப்பில்ல, சக்கரத்து மேலயும் தப்பில்ல.

இருங்காட்டுக்கோட்டை_77
விஆர் வயர் ரெண்டும் மாறி கனெக்ட் ஆகியிருந்தாலும் இதே மாதிரி வரும், அத ஏன் யாரும் கேக்கல? கடைக்காரன் கலர் பாத்து மாட்டியிருப்பான்.

வயரிங்_பைத்தியம்
நியாயமான கேள்வி சார். அதுக்கு டைமிங் லைட் (ஸ்பார்க் வர்றப்பல்லாம் மின்னற லைட்) போதும். புல்லிக் கோடு எத்தனை டிகிரின்னு மேனுவல்ல பாத்து சாஃப்ட்வேர்ல அதே நம்பர்ல டைமிங்க லாக் பண்ணிட்டு ஐடில்லேர்ந்து 4000 வரைக்கும் ஏத்தணும். போலாரிட்டி மாறியிருந்தா ஆர்பிஎம் ஏற ஏற கோடு நகர்ந்துக்கிட்டே போகும், சரியா இருந்தா நிக்கும். அப்படியே ஸ்பார்க் பிளக் நம்பரையும் பாத்துருங்க, என்ஜிகேன்னா பிபிஆர்6இஎஸ்ல வர்ற மாதிரி ஆர் இருக்கணும், ரெசிஸ்டர் இல்லாத பிளக்கும் நாய்ஸ் கிளப்பும்.

கோவை_விடெக்
பாத்துட்டேனுங்க. விடெக் ஆஃப் பண்ணா 6000 வரைக்கும் சுத்தமா போகுது, சிங்க் லாஸ் ஒண்ணு கூட இல்ல. 5400 வச்சா கட் கரெக்டா 5400ல வருது. லைட் அடிச்சுப் பாத்ததுல கோடு எங்கயும் ஓடல, போலாரிட்டி சரிதான் போல. பிளக்கு ஆர் போட்டதுதான். டேஷ்போர்டுக்கு கீழ பிரிச்சுப் பாத்தா ரிலேல டையோடே இல்ல, சோலனாய்டு வயரும் ட்ரிக்கர் வயரும் ஒரே டேப்ல சுத்தி வச்சிருக்கு, ட்ரிக்கர் வயரோட ஷீல்ட (நாய்ஸ தடுக்கற உறை) ரெண்டு முனையிலயும் கிரவுண்ட் பண்ணிருக்காங்க, ஈசியு கிரவுண்டு பாடில ஒரு பெயின்ட் அடிச்ச போல்ட்ல உக்காந்திருக்கு. இவ்வளவையும் பண்ணி வச்சிட்டு போர்டு போச்சுன்னு சொல்றத நினைச்சா கோவம் வருதுங்க.

வயரிங்_பைத்தியம்
1என்4007 போதும். ரிலே காயில்ல கோடு போட்ட பக்கம் பிளஸ். சோலனாய்டு வயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல இன்னொண்ணு, அங்க கோடு வயர் பக்கம். ஷீல்டு ஈசியு முனையில மட்டும். ஈசியு பவர் கிரவுண்ட தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்கு கொண்டு போங்க, ஹோண்டாவே அங்கதான் அடிச்சிருப்பான், டிபிஎஸ் (த்ராட்டில் சென்சார்) மாதிரி சென்சார் கிரவுண்டெல்லாம் தனியா போர்டோட சென்சார் கிரவுண்ட் பின்னுக்கு. பண்ணி முடிச்சதும் மீட்டர பேட்டரி மைனஸ்லயும் இன்ஜின் பிளாக்லயும் வச்சு ஸ்டார்ட்டர் அடிங்க, 0.2 வோல்ட்ட தாண்டினா இன்ஜின் எர்த் ஸ்ட்ராப்பையும் மாத்தணும்.

கோவை_விடெக்
பண்ணியாச்சுங்க. 4800ல விடெக் கிக் வருது, கட் இல்ல, 6500 வரைக்கும் லாக்ல கவுண்ட்டர் பூஜ்யம். ரொம்ப நன்றிங்ணா.

இருங்காட்டுக்கோட்டை_77
சந்தோஷம் தம்பி. ஆனா என் பேச்ச நான் மாத்திக்கல. டையோடு, ஷீல்டு, கிரவுண்டு, இது எல்லாத்தையும் ஃபேக்டரியில ஒருத்தன் யோசிச்சு பண்ணி வச்சிருந்தான், அத கழட்டிட்டு நீ திரும்ப ஒண்ணொண்ணா கண்டுபிடிச்சிருக்கே. இந்தத் த்ரெட்ல விஷயம் தெரிஞ்சவர் இருந்தார், அப்படி ஆள் கிடைக்காதவன் போர்டுக்கு மேல போர்டா வாங்கிட்டு இருப்பான். டிசம்பர்ல ஊட்டியில காலைல ஒரே கீயில ஸ்டார்ட் ஆகட்டும், அப்ப ஒத்துக்கறேன்.

வயரிங்_பைத்தியம்
சார், ஃபேக்டரி வயரிங்க அறுத்தது ஈசியு இல்ல, கடை. இதே கடையில பி28க்கு ஜம்பர் ஹார்னஸ் கட்டச் சொல்லியிருந்தாலும் அதே பெயின்ட் போல்ட்லதான் கிரவுண்ட் அடிச்சிருப்பாங்க. அப்புறம் அவர் டர்போ வைக்கப்போறார், ஸ்டாக் மேப் சென்சார் (இன்ஜினுக்குள்ள போற காத்தோட ப்ரெஷர அளக்கறது) டர்போ பூஸ்ட் ஒரு அளவுக்கு மேல ஏறினா கை விரிச்சிரும், இந்த போர்டுல வர்ற எம்பிஎக்ஸ்4250 சென்சார் 250 கேபிஏ வரைக்கும் படிக்கும். குளிர்ல ஸ்டார்ட்டிங் விஷயத்துல மட்டும் நீங்க சொல்றது முழுக்க சரி, அந்த டேபிள ஒவ்வொரு டெம்பரேச்சர்லயும் உக்காந்து போட்டாதான் வரும், குறுக்குவழி கிடையாது.

பல்சக்கரம்
எல்லாம் சரி, லைட் அடிச்சப்ப கோடு ஓடலன்னு சொன்னீங்க, ஆடுச்சா? 4000ல ஒரே இடத்துல ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சா, இல்ல ரெண்டு மூணு டிகிரி அங்கயும் இங்கயும் துடிச்சுதா?

கோவை_விடெக்
லேசா துடிச்சுதுங்க. ரெண்டு டிகிரி இருக்கும்.

பல்சக்கரம்
நேச்சுரலா காத்து இழுக்கற இன்ஜின்ல அது தெரியாது. பூஸ்ட்ல டைமிங் கத்தி முனையில இருக்கும், ரெண்டு டிகிரி முன்னாடி போனா நாக் (பெட்ரோல் தானா வெடிக்கறது) ஆரம்பிச்சிரும். டர்போவுக்கு முன்னாடி சக்கரம் மாட்டிருங்க, இல்லைன்னா பூஸ்ட் டேபிள்ல அந்த ரெண்டு டிகிரிய குறைச்சு வச்சு பவர விட்டுக்குடுங்க. புல்லி விட்டமும் ஏசி பெல்ட்டுக்கு எவ்வளவு இடம் இருக்குன்னும் அளந்து போடுங்க, சக்கரத்துக்கு டிராயிங் நான் போட்டுத் தர்றேன்.

கோவை_விடெக்
சரிங்ணா, ஞாயித்துக்கிழமை முன் வீல் கழட்டி புல்லிய அளந்து போடறேன். போர்டு அப்படியே இருக்கட்டும்.